96 சதவிகிதம் ஓவர்ஹெட்!

பி.காம். படித்தவனைக் கல்யாணம் செய்துகொள்வதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அவனுக்கு எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஓட்டலுக்குப் போனால் பில்லின் கூட்டலைச் சரிபார்ப்பான். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார்ந்து ஒரு இலைக்கு என்ன அடக்கம் ஆகும் என்று கணக்குப் போடுவான். இப்படிப்பட்ட ஒருவன் அப்பாவாகப் போகிறான் என்றால் என்ன ஆகும்?

சொல்கிறேன், கேளுங்கள். இன்னும் கல்யாணம் ஆகாத ஆபீஸ் அன்பர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்துடன் கேட்கவும்.

என் மனைவிக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மாங்காய், மல்லிகைப்பூ என்று வாங்கிக்கொண்டு போவதெல்லாம் பழைய காலத்துக் கணவர்கள் செய்கிற வேலை என்று நினைத்து, நான் ஒரு வாட்ச் வாங்கிக்கொண்டு போனேன். வெறும் மணி காட்டுகிற வாட்ச் இல்லை சார்! நடந்த அடி எத்தனை, இதயத் துடிப்பு எத்தனை, எரித்த கலோரி எத்தனை, தூங்கிய மணி எத்தனை, மனசு எவ்வளவு டென்ஷனாக இருக்கிறது... எல்லாம் காட்டும். காட்டுவதோடு நிற்காமல் அத்தனையையும் போனுக்கு அனுப்பிவைக்கும்.

யார் போனுக்கு? இங்கேதான் அடியேன் ஒரு தப்புப் பண்ணினேன். வாட்ச் அவள் கையில். கணக்கு என் போனில்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குரோம்பேட்டையில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் எங்கள் வாசம். மத்தியானம் ஆபீஸில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான் போனைத் திறப்பேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ரிப்போர்ட் ரெடியாக இருக்கும்.

"இன்னிக்கு 3,412தான் வந்திருக்கு."

"என்னது, இன்கிரிமென்ட்டா?"

"இல்லம்மா, அடி. நடந்த அடி. பத்தாயிரம் வரணும்."

"பத்தாயிரம் என்ன, இப்படியே பேசிட்டிருந்தா நிறையவே அடி விழும். எனக்கில்ல, உங்களுக்கு!"

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். அது டாக்டர்கள் ராத்திரி பகலாக ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் இல்லையாம். 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஜப்பான் முழுக்க உடற்பயிற்சி மோகம். அடுத்த வருஷமே, 1965-ல், அந்த ஊர் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் 'மன்போ-கே'. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். பெயர் நன்றாக இருந்தது, எண்ணும் ஒட்டிக்கொண்டது. ஆக, அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு விற்பனை மூளை போட்ட எண்ணை வைத்துக்கொண்டுதான் நான் என் கர்ப்பிணி மனைவியிடம் பாக்கி வசூல் பண்ணிக்கொண்டிருந்தேன்!

கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு வேறு. டாக்டர் தடை சொல்லாதவர்கள், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான வேகத்தில் உடம்பை அசைத்தால் நல்லது. அவ்வளவுதான். அதில் அடிக்கணக்கே கிடையாது. எங்கள் டாக்டரம்மா அதையும் இன்னும் சுலபமாக்கிவிட்டார்: "நடக்கும்போது பேச முடியணும். மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைச்சிடுங்க. சார் கூடவே நடந்து பேச்சுக் கொடுத்துட்டு வந்தா அதுவே மீட்டர்தான்."

"இவர் பேச ஆரம்பிச்சா எனக்கு உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்குது டாக்டர்" என்றாள் என் மனைவி.

சரி, வாட்ச் எப்படித்தான் எண்ணுகிறது? உள்ளே ஒரு சின்னஞ்சிறு சிலிக்கான் துண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஊஞ்சல் மாதிரி ஒரு அமைப்பு. கை ஆடினால் அதுவும் ஆடும். ஆட்டத்தின் லயத்தைப் பார்த்து, "ஆஹா, இது நடை!" என்று வாட்ச் முடிவு கட்டும். அதாவது, அதற்குக் காலைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. கையைப் பார்த்துக் காலுக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா அது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிட் பண்ணிப் பார்த்துவிடுவது என்று நோட்டும் பேனாவுமாக மனைவியின் பின்னாலேயே அலைந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்தாள். வாட்ச் 212 அடி எழுதிக்கொண்டது. கீழே போய்க் காய்கறிப் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். கை அசையவில்லை, வாட்ச் ஏழு அடி எழுதியது. நாற்பது படி சார்! ஏழு அடியில் ஏற அவள் என்ன வாமன அவதாரமா?

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். போர்டில் எழுதினால் நடையாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரோம்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தால் ஓய்வாம்! ஒரு நாள், அப்படி நின்று வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது வாட்ச் 'டிங்' என்று மணியடித்து, "நீங்கள் வெகுநேரமாக அசையவில்லை. எழுந்து கொஞ்சம் நடக்கலாமே!" என்றது. அன்றைக்கு அவள் அதைப் பார்த்த பார்வை, வாட்ச்சுக்கு உயிர் இருந்திருந்தால் அங்கேயே போயிருக்கும்.

இதயத் துடிப்பு விஷயத்தில் வாட்ச்சைக் குறை சொல்லக் கூடாது. அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அது ரத்தத்தைப் பார்க்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் ஒருத்தர், "என் மனைவியின் பட்டை ரிப்பேர், சும்மா இருக்கும்போதே துடிப்பை அதிகமாகக் காட்டுகிறது" என்று ஊரெல்லாம் யோசனை கேட்டாராம். "கர்ப்பமாக இருக்கலாம், பாருங்கள்" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் அதேதான்! வயிற்றில் ஒரு ஆள் வந்துவிட்டால் தாயின் ரத்தமே 40, 50 சதவிகிதம் பெருகும். சும்மா படுத்திருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்குப் பத்து இருபது முறை கூடுதலாக அடிக்கும். எங்கள் வாட்ச் அதைச் சரியாகத்தான் எண்ணியது. அர்த்தம்தான் புரியவில்லை. "மன அழுத்தம் அதிகம். ஆழ்ந்து மூச்சு விடுங்கள்" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை உபதேசம்!

கலோரிக் கணக்கு இருக்கிறதே, அதுதான் உச்சம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறுபது பேர் கையில் ஏழு விதமான கருவிகளை மாட்டிச் சோதித்தார்கள். கர்ப்பிணிகள் இல்லை, சாதாரண ஆட்கள்தான். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் நன்றாகவே சொல்லின. கலோரியில் எல்லாமே கவிழ்ந்தன. இருப்பதிலேயே உத்தமமான கருவிக்கு 27 சதவிகிதம் பிழை. மோசமானதற்கு 93 சதவிகிதம்! என் ஆபீஸில் இப்படி ஒரு பாலன்ஸ் ஷீட் போட்டால் மறுநாள் நான் வீட்டில்தான்.

காரணம் சுலபம். நாம் ஆரம்பத்தில் தட்டிவிடும் வயசு, உயரம், எடை... இதை வைத்துத்தான் வாட்ச் கலோரியை ஊகிக்கிறது. நான் தட்டிவிட்டது 58 கிலோ. ஏழாம் மாதம் அவள் 66 கிலோ. வாட்ச் இன்னும் 58 கிலோவுக்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. அதை நான் மாற்றியிருந்தாலும் என்ன? கூடிய எட்டு கிலோ, தின்று கொழுத்த எட்டு கிலோவா, உள்ளே ஒரு ஆள் வளர்கிற எட்டு கிலோவா என்று அதற்குத் தெரியவா போகிறது?

அப்படியானால் நிஜமான கணக்கு எப்படித்தான் எடுப்பார்கள்? இதற்கு ஒரு தண்ணீர் வைத்தியம் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்ஸன் என்பவரும் சகாக்களும் 1955-ல் எலிகளிடம் செய்து காட்டியது. 1980-களில் மனிதர்களுக்கு வந்தது. ஒரு டம்ளர் விசேஷத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதிலிருக்கும் ஹைட்ரஜனில் கொஞ்சம் கனமானது. ஆக்ஸிஜனிலும் கொஞ்சம் கனமானது. கதிர்வீச்சு எதுவும் கிடையாது, கர்ப்பிணியும் குடிக்கலாம். கன ஹைட்ரஜன் உடம்பை விட்டுத் தண்ணீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்ஸிஜனுக்கு இரண்டு வாசல்: தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறைகிற வேகத்தைக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று தெரிந்துவிடும். அதை வைத்து உடம்பு எரித்த கலோரி! சார், இது சுத்தமான பேங்க் ரிகன்ஸிலியேஷன்! முதல் தடவையாக விஞ்ஞானிகள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இந்தத் தண்ணீரைக் கொடுத்து, 2015-ல் அமெரிக்காவில் ஓட்டக்காரர்கள் சிலரை அளந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஆரம்பித்து வாஷிங்டன் வரை, சுமார் 5,000 கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு மாரத்தான் வீதம் மாசக்கணக்கில் ஓடியவர்கள். சும்மா படுத்திருந்தாலே உடம்பு கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும் இல்லையா? அதுபோல இரண்டரை மடங்குதான் மனித உடம்பு நீண்ட நாள் தாங்கக்கூடிய உச்சம் என்று 2019-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. கர்ப்பிணிகளின் உச்சம் 2.2 மடங்கு!

படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். சமையலறையில் ஒரு மாரத்தான்காரி காபி டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த வாட்ச்சைப் பொறுத்தவரை அவள் 'சோம்பலான நாள்' ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மொத்தச் செலவு எவ்வளவு என்றும் பார்த்தேன். ஐ.நா. நிபுணர் குழுவின் 2004-ம் வருஷ அறிக்கைப்படி, பன்னிரண்டு கிலோ எடை கூடும் கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 77,000 கலோரி. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2024-ல் வேறு விதமாகக் கணக்குப் போட்டு ஏறத்தாழ 50,000 என்றார்கள். ஆடிட்டருக்கு ஆடிட்டர் தொகை மாறுவது நம் ஊரில் இல்லாததா? ஆனால் மொனாஷ்காரர்கள் அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டிய விதத்தில்தான் என் காஸ்ட் அக்கவுன்டன்ஸி மூளை ஸ்தம்பித்துப்போனது. அந்த 50,000-ல் குழந்தையின் உடம்பாகவே மாறுவது வெறும் 4 சதவிகிதம். பாக்கி 96 சதவிகிதமும் அந்தக் குழந்தையைச் சுமந்து, வளர்த்து, காப்பாற்றத் தாயின் உடம்பு ஓடுகிற ஓட்டத்துக்கு!

நேரடிச் செலவு 4, ஓவர்ஹெட் 96! எந்தத் தொழிற்சாலையாவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தால், "மூடிடுங்க சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். இந்தத் தொழிற்சாலை லட்சக்கணக்கான வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நஷ்டம் என்று ஒரு நோட்டீஸ்கூட ஒட்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் கெனெபா என்று ஒரு கிராமம். பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் அங்கே இருந்து பெண்களை அளந்தார்கள். வயிற்றுக்குப் போதாத சாப்பாடு, வயலில் முழு வேலை, வயிற்றில் பிள்ளை. வரவு குறைவு, செலவு அதிகம். கணக்கு எப்படிச் சரியானது தெரியுமா? கர்ப்பமானதும் அந்தத் தாயின் உடம்பு, தான் உயிரோடு இருக்க ஆகிற அடிப்படைச் செலவையே குறைத்துக்கொண்டது. கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளை படிக்கிற அறைக்கு வெளிச்சம் தருவது போல! இதை எந்த வாட்ச் காட்டும்?

இவ்வளவும் படித்தவன் திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. கணக்கை அடியிலிருந்து இட்லிக்கு மாற்றினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குத் தினமும் 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்று 2020-ல் சொல்லியிருக்கிறது என்றேன். தோராயமாக ஆறு இட்லி. "இன்னும் ரெண்டு பாக்கியிருக்கு" என்று தட்டோடு பின்னாலேயே அலைந்தேன்.

வளைகாப்பு வந்தது. என் மாமியார் ஒரு கை வளையலோடு வந்து நின்று, "மாப்பிள்ளை, இந்தக் கறுப்புப் பட்டையைக் கழட்டிக்கலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். பெண்ணிடம் கேட்கவில்லை, என்னிடம்! அந்த அளவுக்கு என் புகழ் பரவியிருந்தது. கழற்றி டேபிளில் வைத்தோம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க அவள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருத்தர், "உள்ளே இருக்கறவங்களுக்கு அம்மா எங்க இருக்கான்னு சத்தம் கேட்கும்டா" என்றார். ஆறாம் ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடுகிறது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். நான் மாட்டிய கருவி, அவள் எங்கே போகிறாள் என்று எனக்குச் சொன்னது. பாட்டிமார் மாட்டிய கருவி, அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று குழந்தைக்குச் சொன்னது. யார் கண்டுபிடிப்பு உசத்தி, நீங்களே சொல்லுங்கள்.

அன்று ராத்திரி என் போனில் ரிப்போர்ட்: "இன்று நடந்த அடிகள்: 0. நாளை முயற்சி செய்யுங்கள்!"

முப்பத்து நாலாவது வாரம். ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி இருக்கும். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"என்னங்க... சாயங்காலத்திலேர்ந்து உள்ளே அசைவு சரியா இல்ல. சாப்பிட்டுட்டு இடது பக்கமா படுத்துப் பார்த்தேன். எப்பவும் உதைக்கிற நேரம். ஒண்ணுமே காணோம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வயிற்றில் கை வைக்கவில்லை. தலையணைக்குக் கீழே கை விட்டுப் போனை எடுத்தேன். துடிப்பு 88. மன அழுத்தம் மிதம். நேற்றைய தூக்கம் நூற்றுக்கு 81 மார்க். எல்லாம் பச்சையாக இருந்தது.

"எல்லாம் நார்மலாத்தானே காட்டுது? காலைல பார்த்துக்கலாமே" என்றேன்.

இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவள் கத்தவில்லை. எழுந்து விளக்கைப் போட்டாள். வாட்ச்சைக் கழற்றினாள். வாங்கியபோது ஐந்தாவது ஓட்டையில் இருந்த பட்டை, கை வீங்கி வீங்கி இரண்டாவது ஓட்டைக்கு வந்திருந்தது. கழற்றிய இடத்தில் மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. ஆறு மாசமாக அந்த வாட்ச் உண்மையாகக் காட்டிய ஒரே கணக்கு அந்த ஓட்டைகள்தான். அதை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

வாட்ச்சை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு என்னை மட்டும்தான் தெரியும். எனக்கு ரெண்டு பேரைத் தெரியும். ஆட்டோ கூப்பிடுங்க."

பத்து நிமிஷத்தில் ஆட்டோ. வழியெல்லாம் அவள் கை வயிற்றின் மேல். நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் எறிந்துவிடுவேன் போலிருந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலேயே, "பயப்படாதம்மா, பள்ளம் பார்த்துத்தான் ஓட்டறேன்" என்றார். என்னைவிட உருப்படியான வார்த்தை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் இதயத்துக்கு. இன்னொன்று கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்க்க. சிஸ்டர் பெல்ட்டை இப்படியும் அப்படியுமாக நகர்த்தினார். மெஷினில் கரகரவென்று வெறும் சத்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. எந்த வாட்ச்சும் அதை அறுபது வினாடி என்றுதான் சொல்லியிருக்கும்.

அப்புறம், திடீரென்று, குதிரை ஓடுவது போல... டக்டக் டக்டக் டக்டக்!

"நூத்தி நாப்பத்திரெண்டு. குழந்தை நல்லா இருக்கு" என்றார் சிஸ்டர். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பனிக்குட நீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இரண்டு நாள் இருந்து கவனிக்கலாம் என்றார். "காலைல பார்த்துக்கலாம்னு இருக்காம உடனே வந்தீங்களே, அதுதான் சரி. அசைவு குறைஞ்ச மாதிரி அம்மாவுக்குத் தோணினா ராத்திரி பகல்னு பார்க்கக் கூடாது. உடனே வரணும்" என்று என்னைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார்.

எனக்குத் தலை குனிந்தது. வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்: "ஆமா டாக்டர். இவர்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடிச்சுட்டு வந்தார்."

சொன்னது பொய் இல்லை. என்ட்ரி கரெக்ட். ஆனால் முழுக் கணக்கும் இல்லை. எனக்காக அவள் ஒரு வரியை எழுதாமல் விட்டாள். அந்த 96 சதவிகிதத்தில் இதுவும் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுப் படுத்ததும் குழந்தையின் அசைவை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கணக்கு எழுத எனக்கு அனுமதி இல்லை. வயிற்றில் கை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி. உள்ளேயிருந்து ஒரு உதை விழும்போது, "அடி!" என்பாள். அந்த அடிக்கு ஒன்று, இரண்டு, மூன்று போதும். பத்தாயிரம் வேண்டியதில்லை.

முப்பத்தெட்டாவது வாரம் மகள் பிறந்தாள். 2.7 கிலோ. சிஸ்டர் என் கையில் கொடுத்தபோது, 'இது வெறும் 4 சதவிகிதம்தான்' என்று மனசுக்குள் ஓடியது. பாக்கி 96 கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

வாட்ச்சைக் குப்பையில் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, ஆபீஸ் அன்பர்களே! துடிப்பை எண்ணட்டும், நடக்க ஞாபகப்படுத்தட்டும். ஆனால் வாட்ச் ஒன்று சொல்லி, வீட்டம்மா வேறு ஒன்று சொன்னால், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடுங்கள். கேள்வி அப்புறம் கேட்கலாம்.

இப்போது அந்த வாட்ச் என் கையில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு மகாராணி அழ ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் அணைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும், சமையலறைக்கும் ஹாலுக்கும்... மூணேகால் வரை நடை. முட்டி கழன்றுவிட்டது. காலையில் ஆசையாகப் போனைத் திறந்தேன்.

"நேற்று இரவு அசைவின்றி ஆழ்ந்து உறங்கினீர்கள். நடந்த அடிகள்: 11."

கொதித்துப்போய் மனைவியிடம் காட்டினேன். "பாரும்மா அநியாயத்தை! ஒண்ணே முக்கால் மணி நேரம் நடந்திருக்கேன். கணக்கிலேயே வரலை!"

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே நிதானமாகப் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்படியா? எல்லாம் நார்மலாத்தானே காட்டுது?" என்றாள்.